டச்சிங்

கோவில்பட்டிப் பக்கம் ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்கு இன்றும் 'டச்சிங்' என்றுதான் பெயர். ரீடச்சிங் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. "அண்ணே, போட்டோ நல்லாருக்கு, கொஞ்சம் டச்சிங் மட்டும் பண்ணிருங்க" என்பார்கள். டீயில் சீனி தூக்கலாகப் போடச் சொல்கிற அதே தொனி. 2003இல் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முந்தைய வருஷம் வெளியான ஃபோட்டோஷாப் 7இல்தான் ஹீலிங் பிரஷ் முதன்முதலாக வந்திருந்தது. பருவைத் தொட்டால் பரு போய், பக்கத்துத் தோல் வந்து உட்கார்ந்துவிடும். எனக்கு மாயாஜாலம் மாதிரி இருந்தது. முதலாளி அண்ணாச்சி மட்டும் பார்த்துவிட்டு, "அவ்வளவு லேசாப் போச்சுன்னா எங்க நிறுத்தணும்னு தெரியாமப் போயிருமேடே" என்றார்.

அண்ணாச்சி பென்சிலில் வேலை செய்தவர். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பிரிண்டில் கறுப்பாக விழப்போகும் சுருக்கம், நெகட்டிவில் வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய கோடாக இருக்கும். அந்தக் கோட்டைப் பென்சில் கரியால் அடைத்தால் பிரிண்டில் சுருக்கம் வெளுத்துவிடும். இதற்கென்று ஒரு சாய்வு மேசை. அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வெளிச்சத்தை மேலே அனுப்பும்; நடுவில் இருக்கும் திறப்பில் நெகட்டிவை வைக்க வேண்டும். பென்சில் வழுக்காமல் பிடிக்க, 'மீடியம்' என்ற வார்னிஷைப் பஞ்சில் தொட்டு முதலில் லேசாகத் தேய்த்துக்கொள்வார். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்குவார். கோடு இழுக்கக் கூடாது. புள்ளி, சுழி, கமா. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. பெரிய நெகட்டிவ்களில்தான் இது நடக்கும். 35 எம்.எம். ஃபிலிமில் முகமே பட்டாணி அளவுதான், அதில் எங்கே பென்சில் வைப்பது?

இந்த வித்தை கேமராவுக்குக் கொஞ்சம்தான் இளையது. 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், மியூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டாங்கல் என்ற போட்டோகிராபர் ஒரே உருவப்படத்தை டச்சிங் செய்ததும் செய்யாததுமாக இரண்டு விதமாக வைத்துக் காட்டினார். கூட்டம் அசந்துபோயிருக்கிறது. படத்தில் இருந்த ஆளிடம் "ரெண்டில் உமக்கு எது வேணும்?" என்று யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஏனென்றால், 'இதை எடுத்துருங்க' என்று என்னிடம் சொல்கிறவர் பெரும்பாலும் படத்தில் இருப்பவர் இல்லை. குழந்தைக்கு அம்மா சொல்கிறாள். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு அத்தை சொல்கிறாள். செத்தவருக்குப் பிள்ளைகள் சொல்கிறார்கள். தன் முகத்துக்காகத் தானே வந்து நிற்கும் வயது ஒன்றுதான். பதினாறிலிருந்து இருபது வரை.

குழந்தைப் படத்தில் வேலை குறைவு. எச்சில், கொசுக்கடி, தன் நகத்தாலேயே கீறிக்கொண்ட கோடு. கைக்குழந்தைக்குக் கண்ணின் வெள்ளையில் லேசாக நீலம் ஓடியிருக்கும், அதைத் தொடவே கூடாது. வம்பு வருவது திருஷ்டிப் பொட்டில்தான். கன்னத்தில் வைத்த மையை, இப்போது வந்திருக்கும் தானியங்கிச் செயலிகள் மச்சமா அழுக்கா என்று யோசிக்காமல் துடைத்துவிடுகின்றன. பொட்டில்லாத பிரிண்டைப் பார்த்தால் ஆச்சிமார்கள் சும்மா விடமாட்டார்கள். பிள்ளையின் அழகைக் கொஞ்சம் குறைத்துக் காட்டத்தான் அந்தப் பொட்டு. அதை அழகுக்காக எடுக்கிற கிறுக்குத்தனம் மெஷினுக்கு மட்டும்தான் வரும்.

பதினாறு வயசுக்கு அண்ணாச்சி ஒரு கணக்கு வைத்திருந்தார். ரெண்டு வாரத்தில் தானாப் போறதை எடு. போகாததைக் கேட்டுட்டு எடு. பரு போகும், மச்சம் போகாது. ஷேவிங் வெட்டு போகும், சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த புருவத் தழும்பு போகாது. இதைவிட நல்ல விதியை நான் எந்த யூடியூப் பாடத்திலும் பார்க்கவில்லை. ஒருமுறை பாலிடெக்னிக் பையன் ஒருத்தன், முகம் பூராவும் பரு, ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எல்லாத்தையும் எடுத்துராதீங்கண்ணே. பசங்க ஓட்டுவாங்க. பாதி எடுங்க." எந்தப் பாதி என்று அவனே விரல் வைத்துக் காட்டினான். இவ்வளவு தெளிவான வாடிக்கையாளர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் படம் வேறு சமாச்சாரம். அங்கே தழும்பு, மச்சம் எல்லாம் ரெண்டாம்பட்சம். நிறம்தான். கறுத்த தோலின் அழகு எங்கே இருக்கிறதென்றால், நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் விழுந்து மினுங்குகிற வெளிச்சத்தில் இருக்கிறது. தோலை மொத்தமாக வெளுத்தால், மினுங்குவதற்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசம் செத்துவிடும். முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிவிடும். இது ஃபோட்டோஷாப் கொண்டுவந்த வியாதியும் இல்லை. ஃபிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல வருஷங்களுக்கு வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். நம்ம ஊர் முகம் எப்படி வருகிறது என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

"ரெண்டு ஷேடு கூட்டுங்க தம்பி" என்றார் ஒரு அத்தை. பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்து "நீங்க சொல்லுங்கம்மா" என்றேன். அவள் என்னிடம் பேசவில்லை. அத்தையிடம்தான் கேட்டாள். "நேர்ல வருவாங்கள்ல, அப்ப என்ன கூட்டுவீங்க?" நான் பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்கினேன். முகம் தானாக எடுப்பாக முன்னால் வந்தது. அத்தைக்கு அது வெளுப்பாகத் தெரிந்தது, சந்தோஷமாகப் போனார். கண் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் எதையும் எடை போடும்.

நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள் தொப்பையையும் நரையையும் கேட்பார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் படம் கொடுக்கும் கட்சிக்காரர்கள் தனி ரகம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

வயசானவர் முகம்தான் கஷ்டம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டைத்தான் முதலில் துடைப்பார்கள். அந்தக் கோடு போனால் கன்னத்துக்கும் உதட்டுக்கும் இருக்கிற பந்தம் அறுந்துவிடும். சிரிப்பு மட்டும் தனியாக ஒட்டவைத்தது மாதிரி நிற்கும். சுருக்கத்தில் ஒரு பள்ளமும் ஒரு மேடும் உண்டு. பள்ளத்தின் இருட்டை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். கண்ணில் இன்னொன்று இருக்கிறது. வயசானவர்களுக்குக் கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் ஒரு வளையம் படியும். அதை மங்கல் என்று நினைத்துச் சுத்தம் செய்தால், தாத்தா முகத்திலிருந்து வேறு யாரோ ஒரு ஆள் பார்ப்பார்.

சாவு வீட்டுக்குப் படம் கேட்டு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் நல்ல படம் இருக்காது. ஆதார் அட்டை, இல்லாவிட்டால் ஏதோ ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ. தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை எடுக்க வேண்டும், பனியனுக்கு மேல் சட்டை போட வேண்டும், பாதி மூடிய கண்ணைத் திறக்க வேண்டும். மறுநாள் காலைக்குள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அறுபது வயசுக்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். சென்னையில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா முந்தின நாள் தவறியிருந்தார். படத்தில் அந்த அம்மா மஞ்சள் சுண்ணாம்படித்த சுவர் முன்னால் லேசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பாம்படம் போட்டு வளர்த்த காது. நகை இல்லை. வெறும் தோல் வளையங்கள் ரெண்டு பக்கமும் தோள் வரைக்கும் தொங்கின.

"இந்தக் காத மட்டும் சாதாரணமா ஆக்கிருங்க தம்பி. பதினாறாம் நாளுக்குச் சம்பந்தி வீட்டாள்க எல்லாம் பெங்களூர்லேர்ந்து வாராங்க."

செய்து பார்த்தேன். காதைச் சின்னதாக்குவது பத்து நிமிஷ வேலை. ஆனால் இடது காது தொங்கிய இடத்தில் இப்போது கழுத்து வேண்டும். அந்தக் கழுத்தைக் கேமரா பார்த்ததே இல்லை. வலது பக்கக் கழுத்திலிருந்து தோலை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தை மாற்றி வைத்தேன். சுத்தமாகத்தான் வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க சித்தி மாதிரில்ல இருக்கு" என்றார். சித்தி அந்தக் காலத்திலேயே ஆஸ்பத்திரியில் காதை வெட்டித் தைத்துக்கொண்டவராம். அப்போது நிறையப் பெண்கள் அப்படிச் செய்துகொண்டார்கள். வளர்த்த காது பட்டிக்காட்டு அடையாளம் என்று ஆகியிருந்தது.

திரையைப் போனில் படமெடுத்து ஊரிலிருந்த தங்கைக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எண்ணே, இது யாரு?"

"அம்மாதான். காத மட்டும்…"

"அம்மா ஏன் தைக்கலன்னு உனக்குத் தெரியாதா? பாம்படத்த வித்துத்தான உனக்கு காலேஜுக்குப் பணம் கட்டுனா. சித்தி கூப்பிட்டப்போ என்ன சொன்னா தெரியுமா? நகைதான் போயிருச்சு, காதாவது கெடக்கட்டும்னா."

அவர் பதில் சொல்லவில்லை. தங்கையும் அதற்கு மேல் பேசவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை. பின்னால் யாரோ பந்தல்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. எனக்கு எழுந்து வெளியே போவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. மௌசில் கையை வைத்துக்கொண்டு டூல்பாரைப் பார்த்தேன்.

அவர்தான் பேசினார். "பழச அழிச்சிட்டீங்களா தம்பி?"

அழிக்க முடியாது என்று சொன்னேன். அசல் படம் அடி லேயரில் பூட்டோடு கிடக்கும். மேலே என்ன செய்தாலும் அதைத் தொடாது. மேலிருந்த லேயரின் கண் அடையாளத்தைக் கிளிக் செய்தேன். காது திரும்பி வந்தது.

"அப்படியே இருக்கட்டும். கண்ணுக்குக் கீழ கருப்பு இருக்குல்ல, கடைசில ஆஸ்பத்திரிலயே கெடந்தா… அத மட்டும் லேசா எடுங்க."

ரெண்டு வாரத்தில் போகிற கருப்பா என்று அங்கே கணக்குப் பார்க்க முடியாது. லேசாக எடுத்தேன். சேலை ஓரத்து மடிப்பைச் சரி செய்தேன். 12க்கு 18இல் ஒன்று, மேக்ஸி சைஸில் எட்டு என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னணி மட்டும் மிச்சம். மாலை போடுகிற படத்துக்கு எங்கள் பக்கம் நீலம்தான் வைப்போம். உருவத்தைச் சுற்றி வெட்டி எடுத்து நீலத்தில் வைத்தபோது, வலது காதின் வளையத்துக்குள் அந்த வீட்டுச் சுவரின் மஞ்சள் இன்னும் தங்கியிருந்தது. பெரிதாக்கி, வளையத்தின் உள்விளிம்பை ஓரம் ஓரமாகச் சுற்றி வெட்டினேன். தோல் அந்த இடத்தில் நூல் மாதிரி மெலிந்திருந்தது. ஒரு புள்ளி கூடப் போனாலும் அறுந்துவிடும். முடிக்க ராத்திரி பதினொன்று ஆனது. வளையத்துக்குள் நீலம் தெரிந்தது.