திருப்பதி மைதானத்தில் ஒரு மூலை

திருப்பதி என்றதும் நம் சங்கத்துக் குடும்பங்களின் நினைவில் எழுவன ஏழுமலையும், தரிசன வரிசையும், லட்டுப் பிரசாதமுமே ஆகும். நாமும் பன்முறை அவ்வண்ணமே சென்று திரும்பியவர்தாம். ஆனால் சென்ற தை மாதப் பயணத்தில் நாம் மலையேறவில்லை. அடிவாரத்து மண்ணில், ஒரு கபடித் தளத்தின் ஓரமாக அமர்ந்து ஒரு பகலைக் கழித்துவிட்டு வந்தோம். அன்று கண்டதை அன்பர்களுக்குச் சொல்லுதல் தகும் என்று தோன்றியது.

நம் தமக்கை சித்தூரில் வாழ்கின்றாள். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிய ஊர் அது. அங்கே கடைத்தெருவில் ஒரே வாக்கியத்திற்குள் தமிழும் தெலுங்கும் குடியிருக்கும். நாம் சடுகுடு என்பதை அண்டை வீட்டார் செடுகுடு என்பர், ஆட்டம் ஒன்றே. தமக்கையின் கணவருக்கு மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை. மாம்பழக் காலம் முடிந்தால் அந்த வேலையும் முடிந்துவிடும். மூத்த மகன், அதாவது நம் மருமகன், இருபத்தொரு வயதினன், கபடி ஆடுபவன். இரயில்வேயில் விளையாட்டுத் தகுதியின் பேரில் ஆள் எடுக்கும்போது வயது 18 முதல் 25 வரை இருத்தல் வேண்டும். எஞ்சிய நான்கு ஆண்டுகளை அந்த வீட்டில் எல்லோரும் மனத்திற்குள் எண்ணிக்கொண்டிருந்தனர். நாம் எழுத்தர் வேலையில் இருப்பதால், ஏதோ நம் கையில் சாவி இருப்பதுபோல் தமக்கை நம்மைப் பார்ப்பாள். நம்மிடம் சாவி இல்லை. திருப்பதியில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு அவனுடன் துணைக்குச் செல்ல மட்டுமே நம்மால் இயன்றது.

காலைப் பாசஞ்சர் வண்டியில் புறப்பட்டோம். சித்தூரிலிருந்து திருப்பதி இரயில் வழியே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். பாகாலா சந்திப்பில் வண்டி சற்று நின்றது, தேநீர் அருந்தினோம். அதைக் கடந்தபின் இருமருங்கிலும் மாந்தோப்புகள். பின்னர் சந்திரகிரிப் பாறையும் கோட்டையும் தோன்றின. சென்னைப்பட்டினத்து நிலத்தை 1639இல் ஆங்கிலேயருக்கு அளித்த அரச மரபினர் ஆண்ட கோட்டை அது. மருமகன் அதை ஏறெடுத்தும் பார்த்தானில்லை. தான் எப்படிப் பாடிச் செல்வான், எவ்வாறு தொட்டுத் திரும்புவான் என்பதையே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். ரெய்டர்களுக்கே கைதட்டல் என்பது அவன் கொள்கை.

2022 ஜனவரியில் தேசிய அளவிலான கபடிப் போட்டி நடந்த இந்திரா மைதானம் திருப்பதி நகரின் நடுவே உள்ளது. முகாம் நடந்ததோ அங்கன்று. ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில். பயிற்சியாளர் ஐம்பதைக் கடந்தவர். அவருடைய இடக்கைச் சுண்டுவிரல் மடங்காது. தெலுங்கு ஓசையில் நல்ல தமிழ் பேசினார்.

மருமகன் மும்முறை பாடிச் சென்றான். ஒருமுறை ஒருவனைத் தொட்டு வந்தான். இருமுறை வெறுங்கையுடன் திரும்பினான். உடனே பயிற்சியாளர் ஊதலை ஊதி, அவனை வலது மூலையில் போய் நிற்கச் சொன்னார். கார்னர் என்று ஆட்டக்காரர் கூறும் இடம். பையனின் முகம் வாடிற்று. நம் முகமும் வாடியிருக்க வேண்டும். ஏனெனில் இடைவேளையில் அவரே நம்மிடம் வந்தார்.

“என்ன சார், பிள்ளையைத் தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா?”

“ரெய்டராக வேண்டும் என்று வந்தவன், மாஸ்டர்,” என்றோம்.

“அவன் தொடுவதற்கு முன் யோசிக்கிறான். முப்பது விநாடி தவணையில் போகிறவனுக்கு அது குற்றம். மூலையில் நிற்பவனுக்கு அதுதான் சொத்து. இன்னொன்று கவனித்தேன். மற்றப் பையன்கள் வெளியே உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார்கள். இவன் எதிராளியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.”

பின்பு ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்து அவர் விளக்கியதை, நமக்கு விளங்கிய அளவில் கூறுகின்றோம். ஆடவர் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒவ்வோர் அணிக்கும் ஆறரை மீட்டர் ஆழம். நடுக்கோட்டிலிருந்து மூன்றே முக்கால் மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. ஆக, போனஸ் கோட்டிற்கும் கடைக்கோட்டிற்கும் இடையில் எஞ்சுவது ஒன்றே முக்கால் மீட்டர். கார்னர் காத்து நிற்பது பெரும்பாலும் அந்தக் குறுகிய இடத்தில்தான். ஒரு காலடி பின்வாங்கினால் கோட்டுக்கு வெளியே போய்விடுவான். ஒரு காலடி முந்தினால் ரெய்டர் தொட்டுவிட்டு ஓடிவிடுவான்.

ஆதலின் பயிற்சியாளர் முதலில் பார்ப்பது பலத்தை அன்று, நிற்கத் தெரிந்தவனா என்பதை. ரெய்டரின் கண்ணும் கையும் பொய் சொல்லும். இடுப்பும் காலும் பொய் சொல்லா. தளத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கையில், போனஸ் பெற ரெய்டர் ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் நீட்டி, மறுகாலைத் தரையினின்று தூக்கியாக வேண்டும். அந்தக் கணத்தில் அவன் ஒற்றைக்காலன். கணுக்கால் பிடிக்கு அதைவிட நல்ல நேரம் வாய்ப்பதரிது. பிடித்தபின்னும் வேலை முடிவதில்லை. பக்கத்திலுள்ளவன் அதே மூச்சில் வந்து இடுப்பை அடைக்காவிட்டால், காலைப் பற்றியவனையும் இழுத்துக்கொண்டு ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். தான் எப்போது பாய்வான் என்பது துணைவனுக்குச் சொல்லாமலே தெரியும்படி ஆடுகின்ற கார்னரையே அணிகள் தேடுகின்றன என்றார்.

அயல்நாட்டிலுள்ள சங்க அன்பர் ஒருவர் முன்பு கூறியது நமக்கு நினைவு வந்தது. அமெரிக்கரது கால்பந்தாட்டத்திலும் வரிசையின் ஓரத்தில் நிற்பவனுக்கு இரட்டைக் கடமையாம். பந்தை எறிபவன்மேல் பாயவும் வேண்டும்; பந்தை ஏந்தியவன் எவனும் ஓரத்தைச் சுற்றி ஓடிவிடாமல் காக்கவும் வேண்டும். பாய்ச்சலில் மயங்கி ஓரத்தைத் திறந்து வைப்பவனை அங்கும் பயிற்சியாளர் விரும்பார்.

1990 முதல் ஆசிய விளையாட்டுக்களில் ஆடவர் கபடித் தங்கம் இந்தியாவை விட்டு அகலாதிருந்தது. 2018இல் ஜகார்த்தாவின் அரையிறுதியில் ஈரான் 27க்கு 18 என்று நம்மவரை வீழ்த்தியது. அந்த ஈரானியரில் ஒருவர் ஃபசல் அத்ராசலி, இடது கார்னர். தங்கம் 2023இல், ஹாங்சௌ நகரில்தான் மீண்டும் நமக்குக் கிட்டியது. அதே 2018இல் யூ மும்பா அணியில் ஃபசலுடன் சேர்ந்து மூலை காத்தவர் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். பாட்னா அணி 2016இல் பட்டம் வென்றபோது அதன் தலைவராக இருந்தவரும் அவரே. இவற்றைப் பயிற்சியாளர் சொல்லச் சொல்ல, மருமகன் தண்ணீர்க் குடத்தருகே நின்று கேட்டும் கேளாதவன்போல் இருந்தான்.

பிற்பகல் ஆட்டத்தில் அவன் படாத பாடு பட்டான். முதன்முறை முந்திப் பாய்ந்தான். ரெய்டர் அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போனான். இரண்டாம் முறையும் அதுவே. “எதற்குப் போனாய்? அவன் வருவான், நீ நில்!” என்று கரையிலிருந்து குரல் வந்தது. மூன்றாம் முறை நின்றான். கணுக்காலும் கைக்கு வந்தது. ஆனால் துணைவன் பிந்திவிட, மண்ணில் நெடுந்தூரம் இழுபட்டு, முழங்கை தோலுரிந்து எழுந்தான். நாம் பதறி எழுந்தோம். பயிற்சியாளரோ பிந்தியவனையே கடிந்தார். நம்மவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இரயில்வே யார்டில் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு வண்டிக்காகப் பாதையைத் திருப்பும் பாயிண்ட்ஸ்மேனை நாம் அறிவோம். அவரை எவரும் மாலையிட்டு வரவேற்றதில்லை. அது அப்போது ஏனோ நினைவில் வந்தது.

பொழுது சாயும் வேளையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எல்லாம் கூடி வந்தது. ரெய்டர் போனஸுக்குக் கால் நீட்டினான்; இவன் பற்றினான்; துணைவனும் வந்தான். கைதட்டியவர் நாமும் தண்ணீர் கொண்டுவந்த பையனும் மட்டுமே.

முகாமின் முடிவில் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்பட்டது. அடுத்த கட்டப் பயிற்சிக்கு மருமகன் பெயரும் இருந்தது, ‘வலது கார்னர்’ என்ற குறிப்புடன். அவன் மகிழவுமில்லை, மறுக்கவுமில்லை.

திரும்பும் வண்டியில் சந்திரகிரிவரை பேச்சில்லை. பாகாலாவில் வண்டி நின்றபோது கேட்டான்:

“மாமா, சேரலாதன் எந்த வயதுவரை ஆடினார்?”

“1975இல் பிறந்தவர். 2019இலும் புரோ கபடியில் ஆடினார். நீயே கணக்கிடு.”

“நாற்பத்து நான்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சன்னல்புறம் திரும்பினான்.

சித்தூரில் வீட்டை அடையும்போது இரவு ஒன்பது மணி. தமக்கை வாசலிலேயே நின்றிருந்தாள். முழங்கைக் கட்டைக் கண்டும் அதைக் கேட்காமல், “எத்தனை பாயிண்ட்டடா எடுத்தாய்?” என்றாள்.

“ஒன்று, அம்மா,” என்றான் அவன். பசிக்கிறது என்று சொல்லி உள்ளே போனான். ஒன்றுதானா என்று அவள் நம்மைப் பார்த்தாள். நாம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னோம்.