மூலதனம் ஒரு நாள், பராமரிப்பு ஆயுளுக்கும்

வணிகவியல் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள். இயந்திரம் வாங்குவது மூலதனச் செலவு, அதற்கு எண்ணெய் போடுவது வருவாயினச் செலவு. எண்ணெயில் மிச்சம் பிடித்தால் இயந்திரமே போய்விடும். சிறுநீரக மாற்று சிகிச்சையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

கடத்தூரில் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒன்று கொடுக்கிறார். (நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.) வேலூரிலோ சென்னையிலோ ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அப்பாடா, எல்லாம் முடிஞ்சுது!" என்கிறார்கள். உண்மையில் அன்றுதான் ஆரம்பம்.

அம்மா கொடுத்ததே என்றாலும் உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும், எதிர்த்துத் தாக்கும். 1954-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான மாற்று சிகிச்சை, ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. அதனால் அங்கே இந்தச் சண்டை வரவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே இந்த ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. ஆனால் 1980-களில் சைக்ளோஸ்போரின், பிறகு டாக்ரோலிமஸ் என்று நல்ல மருந்துகள் வந்த பிறகுதான் புதிய சிறுநீரகம் பல வருடங்கள் தாங்குவது சகஜமானது.

இந்த மருந்துகளில் சிக்கல் என்னவென்றால், அளவு குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். அளவு கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், தொற்றும் எளிதில் வரும். டாக்ரோலிமஸ் வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த அளவைக் குறைத்துவிடும். சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகள் கூட்டிவிடும்.

இப்போது அதே கடத்தூர்க்காரர் மருந்துக் கடையில் நிற்கிறார். "அண்ணா, முட்டி வலிக்குது, ரெண்டு மாத்திரை குடுங்க." கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. டைக்ளோஃபெனாக் கைமாறுகிறது. ஆபத்து இவ்வளவு சாதாரணமாகத்தான் வருகிறது. இன்னொரு நாள், "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று மாத்திரையை நிறுத்துகிறார். வலி இருக்காது. கிரியேட்டினின் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். பரிசோதனைக்குப் போகாவிட்டால் தெரியவே தெரியாது.

2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவருடைய பெற்றோர் தானம் செய்த பிறகு, தமிழ்நாட்டில் உறுப்புதானம் பற்றி வீடுதோறும் பேச்சு எழுந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சையும் உண்டு. இவ்வளவும் ஆபரேஷன் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கப்புறம் காலை எட்டு, இரவு எட்டு என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது வீடுதான். காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டருக்குப் போன் போட வேண்டியதும் வீடுதான்.

எனவே நண்பர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை ஹார்லிக்ஸ் வேண்டாம். "மாத்திரை தீர்ந்துபோகாம இருக்கா? கடைசியா எப்ப ரத்தம் பார்த்தீங்க?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஒரு தாய் போட்ட மூலதனம் வீணாகாமல் இருக்கட்டும்!