கல்லாவுக்கு உள்பக்கம்

எங்கள் தெருமுனை மளிகைக் கடையை அப்பா புறக்கணித்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அந்தக் கடைக்காரர் காலனிக்காரர்களிடம் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்கமாட்டார். பலகையின் மேல் வைத்துத் தள்ளிவிடுவார். வருஷக் கணக்காக அப்படித்தான். அப்பாவும் வருஷக் கணக்காக அதைப் பார்த்திருக்க வேண்டும். அன்று அவர் வகுப்பில் படிக்கிற பையன் ஒருவன் பலகையிலிருந்து காசைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி, "வணக்கம் சார்" என்றிருக்கிறான். அப்பா வெறும் பையோடு வீடு திரும்பி, இனி அந்தக் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கக் கூடாது என்றார்.

அம்மா சரி என்றாள். ஆனால் எங்கள் பற்று நோட்டு அந்தக் கடையில்தான் இருந்தது. கடைத்தெருவில் கடன் சொல்ல முடியாது. இருபதாம் தேதிக்கு மேல் ஓர் ஆசிரியர் வீட்டில் கொள்கையும் துவரம்பருப்பும் சேர்ந்து இருப்பது கஷ்டம். எனவே நோட்டை டவுசருக்குள் செருகிக்கொண்டு பின்சந்து வழியாக நான் போக ஆரம்பித்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சாக்குகளுக்கு நடுவே பொட்டலத்தை நீட்டுவார். மீதிச் சில்லறை இருந்தால் என் கையில்தான் கொடுப்பார். நான் எட்டாவது முடிக்கிறவரை இது நடந்தது. அப்பாவின் பகிஷ்காரத்தை ஊரில் மரியாதையோடு பேசினார்கள். அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அந்தக் கடை வெல்லம் கொஞ்சம் உப்புக் கரிக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அவர் அதைச் சாப்பிட்டார்.

இதனால்தானோ என்னவோ, வாங்காமலிருப்பவர்களின் தார்மிகத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. நம் வட்டத்தில் பலர் பெரும் பத்திரிகைகளை வாங்குவதில்லை என்பதை விரதம்போல் சொல்லிக்கொள்கிறார்கள், சலூனில் படிக்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாங்குகிறவன் ஒரு கடையை விட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். கல்லாவுக்கு உள்பக்கம் இருப்பவனுக்கு நாற்காலி ஒன்றுதான்.

அப்படி உள்பக்கத்தில் இருந்த ஒருத்தி மேரி மானிங். டப்ளின் ஹென்றி தெருவில் இருந்த டன்ஸ் ஸ்டோர்ஸ் கடையில் காசாளர். வயது 21. 1984 ஜூலை 19 அன்று ஒருவர் எடுத்துவந்த இரண்டு கிரேப்ஃப்ரூட்டுக்கு விலை போட மறுத்தாள். (நம் பம்ப்ளிமாஸுக்குத் தங்கை முறையாக வேண்டும் அந்தப் பழம்.) அவுட்ஸ்பான் முத்திரை போட்ட தென்னாப்பிரிக்கச் சரக்கு அது. நிறவெறி அரசின் பொருள்களைக் கையாளுவதில்லை என்று அவள் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் போடாத சங்கம் உலகத்தில் எது? அதைப் படித்துவிட்டு அப்படியே செய்தாள் என்பதுதான் விசேஷம். இடைநீக்கம் செய்தார்கள். கூடவே வெளியேறிய சிலரை விரல்விட்டு எண்ணிவிடலாம், பெரும்பாலும் இளம்பெண்கள். தென்னாப்பிரிக்காவைப் பற்றி அவர்களுக்கு அப்போது அதிகம் தெரியாது. நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்க அகதி மறியலில் வந்து சேர்ந்துகொண்டு, அவர்கள் எதை மறுத்தார்கள் என்பதை அவர்களுக்கே விளக்கினார். செயல் முன்னால், பிரக்ஞை பின்னால். நம் விமர்சனக் கட்டுரைகளில் எப்போதும் நேர்மாறாகவே நடக்கிறது.

மறியல் இரண்டரை வருஷத்துக்கு மேல் நீடித்தது. அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்ச் சாமான் வாங்கியவர்களும் இருந்தார்கள். 1987-இல் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்கப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தடை போட்டது. 1990-இல் டப்ளின் வந்த மண்டேலா இவர்களைச் சந்தித்தார்.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு 'பாய்காட்' என்ற சொல்லின் பூர்விகத்தைத் தேடிப் போனேன், அதுவும் அயர்லாந்துதான். 1880-இல் மேயோ பகுதியில் கேப்டன் பாய்காட் ஒரு பிரபுவின் குத்தகை வசூல் ஏஜெண்ட். வாரத்தைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை வெளியேற்றக் கிளம்பினார். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். பக்கத்து ஊர்க் கடைகள் அவருக்குச் சாமான் தர மறுத்தன. ஆக, ஆதி பாய்காட்டில் வாங்க மறுத்தவனைவிட விற்க மறுத்தவனே முக்கியம். அதற்குச் சற்று முன்தான் பார்னெல், வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்கிறவனைத் தெருவிலும் கடையிலும் கோவிலிலும்கூட, பழங்காலத்துத் தொழுநோயாளியைப்போல ஒதுக்குங்கள் என்று பேசியிருந்தார். அந்த உவமையில் நான் நின்றுவிட்டேன். அதை ஓர் இந்தியன் தாண்டிப் போவது எளிதல்ல. அந்நியத் துணிக்கு எதிராகக் காங்கிரஸ் பயன்படுத்திய பகிஷ்காரம் என்ற அதே சொல்லிலிருந்துதான் அம்பேத்கர் 1927-இல் தம் பத்திரிகைக்குப் பெயர் எடுத்தார்: 'பஹிஷ்க்ருத் பாரத்'. ஒதுக்கப்பட்ட பாரதம்.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர், தின்பண்டம் கேட்டு வந்த தலித் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு, உங்கள் தெருவுக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைக்குச் சீல் வைத்துக் கைதும் செய்தார்கள். அவர் குரலில் கோபம் இருந்ததாக எனக்குப் படவில்லை. தன் சங்கத்தின் தீர்மானத்தை நிறைவேற்றுகிற குரல். அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே செய்கை. ஒருத்தி தன்னைவிடப் பெரியவனிடம் மறுத்தாள், இவர் பலகை உயரம்கூட இல்லாதவர்களிடம் மறுத்தார் என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி எழுதியும் வைத்திருந்தேன்.

அடுத்த வருஷம், அப்போது நான் வேலை பார்த்த கிளையில் கேஷில் இருந்தேன். அரை மணி நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை. பக்கத்துக் கிராமத்துக் கோவில் திருவிழாக் கணக்கில் பணம் கட்டப் பெரியவர் ஒருவர் வந்தார். மூன்று பேர் கூட்டுக் கையெழுத்துக் கணக்கு, எனக்குப் பழக்கமானவர். பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டு.

"என்ன அண்ணாச்சி, வரி வசூல் ஆரம்பிச்சாச்சா?"

"வரி இல்ல சார், தண்டம். நம்மாளு ஒருத்தன் கட சாமான, கட்டுப்பாட்ட மீறி அந்தத் தெருக்காரனுவளுக்குக் குடுத்துட்டான். கூட்டம் போட்டு அய்யாயிரம் வச்சாச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னார். என்னையும் நம்மாளு என்று எண்ணியிருக்கலாம். நோட்டுகளை இயந்திரத்தில் விட்டேன். பத்து என்றது. திரும்பவும் விட்டேன். பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்திலிருந்து குற்றம் என்பது எனக்குத் தெரியும். கட்ட வந்த பணத்தை மறுக்க என் வேலை இடம் தராது. எழுந்து போய் ஒரு புகார் எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தந்திருக்கும். பெயர் தெரியாத அந்தக் கடைக்காரனைப் பற்றிக் கேட்கவாவது செய்திருக்கலாம். என்ன சாமான், யாருக்கு, கடனுக்கா ரொக்கத்துக்கா? பின்பக்கமாகக் கொடுத்தானா? ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். மேரி மானிங்கின் ஞாபகம் வந்தது அன்று ராத்திரிதான்.

செலானில் சீலைக் குத்தி அவருடைய பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், சீல் சரியா விழலியே" என்று திரும்ப நீட்டினார். மைப்பெட்டியில் நன்றாக ஒற்றி, இன்னொரு தடவை அழுத்திக் குத்திக் கொடுத்தேன்.