ஒன்பதாம் நம்பர் யாருக்கு?

கல்கத்தாவுக்கு சுனில் சேத்ரி மாப்பிள்ளை முறை. மோகன் பகானின் தடுப்பு வரிசையைப் பல ஆண்டுகள் கட்டிக்காத்த சுப்ரதா பட்டாச்சார்யாவின் மகளைத்தான் அவர் மணந்திருக்கிறார். 2002இல் பதினேழு வயதுப் பையனாக அந்த கிளப்பில் போய்ச் சேர்ந்தபோது பயிற்சியாளராக இருந்தவரும் அதே சுப்ரதாதான். 2024 ஜூன் 6ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தோடு இந்திய அணியிலிருந்து விடைபெறுகிறேன் என்று சேத்ரி அறிவித்துவிட்டார். அதனால் அந்த வாரம் அவ்வூரில் அணித் தேர்வைப் பற்றி நடந்த பேச்சில் பாதி கால்பந்து, பாதி மாப்பிள்ளை மரியாதை. மாப்பிள்ளைகளைக் கூப்பிட்டு விருந்து வைக்கும் ஜமாய் ஷஷ்டி வேறு அடுத்த வாரமே வந்தது. "ஷஷ்டி நெருங்கும்போது மாப்பிள்ளையை பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்கிறாயே, நீ மனுஷனா?" என்று மைதானத்து டீக்கடையில் ஒருவர் கேட்டதை நான் காதால் கேட்டேன்.

இந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் ஹவுரா மெயிலில் ஏறினேன். வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆந்திரத்து வெயில், ஒடிசாவில் மழை மேகம், பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில் ஓயாத தேர்தல் அலசல். மக்களவைத் தேர்தல் முடிவு 4ஆம் தேதிதான் வந்திருந்தது. கல்கத்தாவில் இறங்கியபின் அந்தப் பேச்சு சட்டென்று குறைந்துவிட்டது. ஹவுராவிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் எஸ்பிளனேடு வந்தேன். ஆறு கடக்கிற அந்த முக்கால் நிமிடத்தைக் கைப்பேசியில் பிடிக்க அத்தனை பேரும் சன்னலோரம் ஒட்டிக்கொண்டார்கள். திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆசை தீரவில்லை.

எஸ்பிளனேடிலிருந்து நடக்கிற தூரத்தில் மைதான். கோட்டையைச் சுற்றி விரிந்து கிடக்கும் அந்தப் புல்வெளியில்தான் மூன்று பழைய கிளப்புகளின் கூடாரங்களும் இருக்கின்றன: 1889இல் தொடங்கிய மோகன் பகான், 1891இன் முகமதன் ஸ்போர்ட்டிங், 1920இன் ஈஸ்ட் பெங்கால். கூடாரம் என்று பெயர்தானே தவிர, எல்லாம் கட்டடங்கள். மோகன் பகான் கேன்டீனின் சிக்கன் ஸ்டூவும் டோஸ்டும் பேர்போனவை. மிளகு தூவிய அந்த வெள்ளைக் குழம்பை நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குத்தான் கொடுப்பார்கள். அங்கே அதைத் தின்றுவிட்டுத்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

வாசலுக்கு வெளியே மரத்தடியில் எலுமிச்சை டீ விற்றுக்கொண்டிருந்தார்கள். கறுப்பு உப்பு போட்ட டீ. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அங்கே ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சென்னையிலிருந்து கால்பந்து பார்க்க ஒருத்தன் வந்திருக்கிறான் என்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எனக்காக வங்காளத்திலிருந்து இந்திக்கு மாறுவார்கள். சண்டை சூடேறியதும் வங்காளத்துக்கே திரும்பிவிடுவார்கள். பெயர்கள் மட்டும் எந்த மொழியிலும் புரிந்தன: மன்வீர், லிஸ்டன், மகேஷ், டேவிட், விக்ரம்.

நிலைமை இதுதான். ஏ பிரிவில் நான்கு ஆட்டம் ஆடி கத்தார் 12 புள்ளிகளோடு எட்டாத உயரத்தில் இருந்தது. இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் தலா 4, குவைத்துக்கு 3. முதல் இரண்டு அணிகள் மூன்றாம் சுற்றுக்குப் போகும். இந்தியா அதுவரை எட்டிப் பார்க்காத சுற்று அது. 2023 நவம்பரில் குவைத் நகரத்தில் மன்வீர் சிங்கின் கோலால் 1-0 என்று வென்றபோது எல்லாம் கைக்கு எட்டியது போலிருந்தது. அதன்பின் புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3. ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு 0-0. பிறகு குவாஹாத்தியில் அதே ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. மூத்த வீரர்கள் பலர் தங்கள் சங்கத்தோடு பிணங்கி விலகி நின்ற அணி அது. சேத்ரியின் 150ஆவது ஆட்டமும் அதுதான். பெனால்டியில் கோல் போட்டவரும் அவர்தான். குவாஹாத்தி என்ற சொல்லை யாராவது எடுத்தாலே மரத்தடியில் கொஞ்சம் பேச்சு நின்று, பிறகு இரட்டிப்பாக எழுந்தது.

மோகன் பகான் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கிக்காரராம், கணக்காகப் பேசினார். குவைத்தை அவர்கள் மண்ணில் சாய்த்தவன் மன்வீர். உயரம் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, அவனைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும். சேத்ரி அறுபதாவது நிமிடத்தில் இறங்கட்டும், களைத்த டிஃபென்ஸை அவர் பார்த்துக்கொள்வார். ஷஷ்டி பற்றிய கேள்வி அவரை நோக்கி வந்ததுதான். அவர் அசரவில்லை. "மாப்பிள்ளைக்கு மீன் தலையைக் கொடு. ஒன்பதாம் நம்பரைக் கொடுக்காதே."

சேத்ரியின் முதுகில் இருப்பது 11 என்று திருத்தப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பேசியது சட்டை எண்ணை அல்ல, நட்டநடுவில் கோலுக்கு நேராக நிற்கிறவனின் இடத்தை.

ஈஸ்ட் பெங்கால் இளைஞன் ஒருவனுக்கு முன்வரிசையைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் கோபமெல்லாம் இடது ஓரத்தைப் பற்றியது. லிஸ்டன் கொலாசோ பந்தைக் கையில் கொடுத்தாலும் இருபத்தைந்து கஜத்திலிருந்து உதைத்து கேலரிக்கு அனுப்புவான், எங்கள் மகேஷ் என்றால் தலையை நிமிர்த்தி யாருக்காவது கொடுப்பான் என்றான். லிஸ்டன் மோகன் பகான், மகேஷ் ஈஸ்ட் பெங்கால் என்பதைச் சொல்லவே வேண்டாம். என் ஊர் தெரிந்ததும் என்னையும் கட்சியில் சேர்த்துக்கொண்டான். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அப்போது அவர்கள் கிளப்பில் வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட ஒற்றைக் கோல்தான் நாலரை ஆண்டுத் தாகத்தைத் தீர்த்தது. அந்தக் கோலை நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்பதுபோல் அவன் என் தோளில் கைபோட்டான். நந்தகுமார் இந்திய அணியின் புவனேஸ்வர் முகாமுக்கு அழைக்கப்பட்டிருந்தார், ஆனால் அதே வலது ஓரத்தில் சாங்தே இருக்கும்போது முதல் பதினொன்றில் இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்தச் சாயங்காலம் அதை நான் சொல்லவில்லை.

மூன்றாவது குரல் தாமதமாக வந்தது. முகமதன்காரர், நடுவயது. அந்த ஆண்டு ஐ-லீகை வென்று பெரிய லீகான ஐஎஸ்எல்லுக்குள் நுழைந்த களிப்பு முகத்தில் இன்னும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: டேவிட் லால்லன்சாங்கா. மிசோரம் பையன், 2023 டூரண்ட் கோப்பையில் அதிக கோல் அடித்தவன், முகாமுக்கும் இந்தியப் பயிற்சியாளர் ஸ்டிமாச் கூப்பிட்டிருக்கிறார். அவனை இறக்கினால் என்ன? மற்றவர்கள் சிரித்தார்கள். ஐ-லீக் பையனை குவைத்துக்கு எதிராகவா? அப்போது அவர் சொன்னதுதான் அன்றைக்குக் கேட்டதில் சரியான பேச்சு. "உங்கள் கிளப்பில் நடுவில் நிற்பவன் யார்? பெத்ராத்தோஸ், கம்மிங்ஸ், சாதிகு. உன் கிளப்பில்? கிளைட்டன் சில்வா. எங்கள் கிளப்பில் டேவிட். இந்தியாவுக்கு ஸ்டிரைக்கர் இல்லை என்று யார் அழ வேண்டும், யார் அழக்கூடாது?"

இதற்குப் பதில் வரவில்லை. யாரோ இன்னொரு சுற்று டீ சொன்னார்கள்.

நான் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அறைக்குப் போனேன். அந்தப் பருவத்து ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம் என்பது விதி. கோல் விலை உயர்ந்த பொருள், கிளப்புகள் அதை வெளியிலிருந்து வாங்குகின்றன. முதுகெலும்பு முழுக்க வெளிநாடு, ஓரங்களில் உள்நாடு என்பதுதான் பெரும்பாலான அணிகளின் அமைப்பு. மன்வீர் மோகன் பகானில் வலது ஓரம். மும்பையில் விக்ரம் பிரதாப் ஓரம், நடுவில் அர்ஜென்டினாவின் பெரெய்ரா தியாஸ். அந்த ஆண்டு லீகில் 13 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர் கேரளாவின் கிரேக்கர் தியாமந்தகோஸ். எங்கள் சென்னையின் எஃப்சி மட்டும் என்ன வாழ்ந்தது? நடுவில் ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் மரே. வங்காளத்துப் பையன் ரஹீம் அலி அவருக்கு அக்கம்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க ஓரத்தில் தேய்த்துவிட்டு, தேசிய அணிக்கு வந்ததும் "போ, நடுவில் நின்று கோல் போடு" என்றால் எந்தப் பையனும் தடுமாறுவான். 39 வயதில் சேத்ரியை அந்த இடத்தில் நிறுத்தியது அன்பு மட்டுமல்ல. பத்தொன்பது ஆண்டாக, 2005 ஜூனில் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டதிலிருந்து, அந்த இடத்துக்கு வேறு ஆளை யாரும் வளர்க்கவில்லை. இந்தியாவுக்காக அவர் அதுவரை போட்ட 94 கோல் என்ற எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். எனக்கு அது ஒரு குற்றப்பத்திரிகையாகவும் தெரிகிறது.

மறுநாள் சியால்டா வரை பேருந்து, அங்கிருந்து மெட்ரோ. எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் நடுவில் இருந்த மெட்ரோத் துண்டு அப்போது இணைக்கப்படவில்லை. சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்துக்குள் பெட்டி நுழையும்போது மூச்சுவிட இடமில்லை. மெரூன்-பச்சையும் சிவப்பு-மஞ்சளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே பெயரைக் கத்திக்கொண்டு வந்தன. டெர்பி நாளில் இப்படி ஒரு பெட்டி சாத்தியமா என்று தெரியவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்கும் சேத்ரி ஒரு பருவம் ஆடியிருக்கிறார், அவர்களும் பங்கு கேட்கலாம். வெளியே அவர் முகம் போட்ட முகமூடிகளும் நீலச் சட்டைகளும் குவிந்திருந்தன. காற்றே இல்லை. ஜூன் மாதக் கல்கத்தாவில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு தனித்தோலாகிவிடுகிறது.

அணிப் பட்டியல் கைப்பேசிகளுக்கு வந்தபோது நான் கேலரிப் படியில் இருந்தேன். குர்ப்ரீத், பூஜாரி, பேகே, அன்வர் அலி, ஜெய் குப்தா, சுரேஷ், தாபா, சாங்தே, சஹால், லிஸ்டன், சேத்ரி. பக்கத்தில் ஒருவர் விரல் விட்டு எண்ணினார்: அன்வர், தாபா, சஹால், லிஸ்டன், மோகன் பகானிலிருந்து நாலு. பின்வரிசையிலிருந்து உடனே ஒரு வசவு வந்தது. மன்வீர் இல்லை, மகேஷ் இல்லை, டேவிட் இல்லை. வங்கிக்காரர் எங்கோ தலையில் கைவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முழங்கால் காயத்தால் ஜிங்கன் இல்லாத டிஃபென்ஸைப் பற்றி முந்தின நாள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று தவறே செய்யாதது அந்த டிஃபென்ஸ்தான்.

58,000க்கு மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். ஆட்டம் நன்றாக இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு கார்னரில் அன்வர் தலையால் முட்டியது வெளியே போனது. சேத்ரிக்குப் பந்து வந்து சேரவே இல்லை. அவர் பின்னால் இறங்கி வந்து வாங்கினால் முன்னால் நிற்க ஆளில்லை. முன்னால் நின்றால் கொடுக்க ஆளில்லை. இடைவேளைக்குப் பின் ரஹீம் அலி இறங்கினான். இறங்கிய வேகத்தில் கோல்கீப்பரோடு நேருக்கு நேர் ஒரு வாய்ப்பு. உதைத்தான், கோல்கீப்பர் தடுத்துவிட்டார். என்னைச் சுற்றி எல்லோரும் ஒரே குரலில் அவன் குடும்பத்தை விசாரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் அவனை எத்தனை வாரம் நிற்க விட்டோம்?

0-0. சேத்ரி தொண்ணூறு நிமிடமும் ஆடினார், பிறகு மைதானத்தைச் சுற்றி வந்தார், அழுதார், அழ வைத்தார். அதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் வெளியேறும் கூட்டத்தில் நான் கேட்டது வேறு. வாயிலைத் தாண்டுமுன்பே தோஹாவில் கத்தாரோடு நடக்கவிருந்த அடுத்த ஆட்டத்துக்கான பதினொருவரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சேத்ரி இல்லாத முதல் பட்டியல். ஒன்பதாம் இடத்துக்கு வந்ததும் எல்லோரும் கொஞ்சம் இழுத்து, மன்வீர் என்றார்கள், விக்ரம் என்றார்கள், ஒருவன் விளையாட்டாக பெத்ராத்தோஸ் என்றான்.

11ஆம் தேதி தோஹாவில் சாங்தேயின் கோலால் முன்னிலை வகித்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் போட்ட கோலுக்குப்பின் 1-2 என்று தோற்றோம். குவைத் ஆப்கானிஸ்தானை வென்று மேலே போனது. ஸ்டிமாச்சை ஒரு வாரத்துக்குள் நீக்கினார்கள்.

அந்தக் கோடையில் ஈஸ்ட் பெங்கால் முகமதனிடமிருந்து டேவிட்டை வாங்கியது. அதே கோடையில் 13 கோல் கிரேக்கர் தியாமந்தகோஸையும் வாங்கியது. இருவரில் யார் முதலில் ஆடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2025 மார்ச்சில், புதிய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸின் காலத்தில், 40 வயது சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி வந்தார். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக தலையால் முட்டி 95ஆவது கோலைப் போட்டார். ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் வங்கதேசத்தோடு ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. அதிலும் முன்னால் அவர்தான். 0-0.