பாண் சுமந்த பனி ஏரி

ஐரோப்பாவின் ஆகப் பெரிய ஏரி எது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சுவிட்சர்லாந்தைத்தான் சொல்வார்கள். ஆனால், அது இருப்பது ரஷ்யாவின் வடமேற்கில், சென் பீட்டர்ஸ்பேர்க் நகருக்குக் கிழக்கே. பெயர் லடோகா. பரப்பளவு ஏறத்தாழ 17,700 சதுர கிலோ மீற்றர். நடுவில் நின்றால் கரை தெரியாது. கடல் என்றே தோன்றும். ஆனால் நீர் உப்பில்லாத நன்னீர்.

இந்த ஏரியைச் செதுக்கியது பனி. பனியுகத்தில் வட ஐரோப்பாவை மூடிக்கிடந்த பனிப்பாறை மெல்ல நகரும்போது, அடியில் சிக்கிய கற்களால் நிலத்தைச் சுரண்டியது. வடக்கே கடும்பாறையில் இருந்த பள்ளங்களை மேலும் ஆழமாக்கியது. தெற்கே களிமண்ணையும் மணலையும் பரப்பிவிட்டுப் போனது. ஆகவே லடோகாவுக்கு இரண்டு முகங்கள். வடக்கில் செங்குத்தான பாறைகளும் தீவுகளும். ஆழம் 230 மீற்றர் வரை செல்லும். தெற்கில் மணலும் நாணற்புல்லும். கரையோரக் குடாக்களில் ஆழம் சில மீற்றர்களே.

பனியின் பாரம் நீங்கியதும் அமுங்கிக் கிடந்த நிலம் மேலெழத் தொடங்கியது. தெற்கைவிட வடக்கு வேகமாக உயர்ந்தது. நீர் நிறைந்த சஹனின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் வழியுமல்லவா? அப்படித்தான் லடோகாவின் நீர் தெற்கே வழிந்து, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் நேவா என்ற ஆறு பிறந்தது. 74 கி.மீ. மட்டுமே ஓடிக் கடலில் கலக்கும் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் 1703இல் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரம் எழுந்தது.

அதற்கு வெகு முன்னரே இது வணிகப் பாதையாக இருந்தது. ஏரியின் தெற்கே வொல்கோவ் ஆற்றங்கரையிலுள்ள பழைய லடோகா என்னும் ஊரில், அறபு எழுத்துப் பொறித்த வெள்ளித் திர்ஹம்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துள்ளன. அப்பாஸிய கலீபாக்களின் காலத்து நாணயங்கள் அந்தக் குளிர்நாடுவரை சென்றிருக்கின்றன.

ஆழமில்லாத தென்பகுதி மாலுமிகளுக்குப் பெரும் ஆபத்து. ஆழம் குறைந்த நீரில் புயலடித்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். எத்தனையோ கப்பல்கள் மூழ்கின. ஏரிக்குள் செல்லாமலே பயணிக்க, கரையோரமாக 1719இல் தோண்டத் தொடங்கிய கால்வாய் 1731இல்தான் முடிந்தது.

கப்பல்களை விழுங்கிய அதே ஆழமின்மை பிற்காலத்தில் உயிர்களைக் காத்தது. இரண்டாம் உலகப் போரில் இந்நகரின் பெயர் லெனின்கிராட். 1941 செப்டெம்பர் 8இல் அதன் தரைவழிகள் யாவும் அடைபட்டன. மீதமிருந்தது ஏரி மட்டுமே. நவம்பர் 20 முதல் குழந்தைகளுக்கும் வீட்டிலிருப்போருக்கும் நாளொன்றுக்கு 125 கிறாம் பாண். 450 கிறாம் பாண் ஒன்றின் கால் பங்கைவிடச் சற்றே அதிகம். அதிலும் மாவோடு கலப்படமும் சேர்ந்திருந்தது. அந்தத் துண்டைத் தன் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள்!

ஆழமான வடபகுதி உறைவதற்கு நாளெடுக்கும். ஆழமற்ற தென்குடாவோ முந்தி உறைந்துவிடும். நவம்பர் 22இல் லொறிகள் அந்தப் பனியின்மேல் மாவு எடுத்துவரப் புறப்பட்டன. பாதையின் நீளம் சுமார் 30 கி.மீ. பனி உடைந்தால் குதித்துத் தப்புவதற்காகச் சாரதிகள் கதவைத் திறந்தபடியே ஓட்டினார்கள். விமானங்கள் குண்டு வீச, இளம் பெண்கள் கொடியும் விளக்கும் ஏந்திப் பனியில் நின்று வழிகாட்டினார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. லொறி ஓடும்போது பனித்தளம் சற்று வளைந்து, கீழே நீரில் அலை எழும்பும். லொறியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றானால் பனி பிளந்துவிடும். விஞ்ஞானிகள் இதை அளந்தறிந்த பின், ஓட வேண்டிய வேகமும் லொறிகளுக்கிடையே விட வேண்டிய தூரமும் வரையறுக்கப்பட்டன.

முதல் குளிர்காலத்தில் மட்டும் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வழியே வெளியேறினர். ஆயினும் 1944 ஜனவரி 27இல் முற்றுகை முற்றாக நீங்குமுன், நகரில் பல இலட்சம் பேர் பசியாலும் குளிராலும் இறந்துவிட்டனர். ‘உயிர்ப் பாதை’ என்ற பெயர் அந்த வழிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

இன்றும் அந்நகரம் குடிப்பது நேவாவின் நீர். அதாவது லடோகாவின் நீர். ஏரிக்கரையில் கழிவைக் கொட்டிவந்த பிரியோசெர்ஸ்க் காகிதக்கூழ் ஆலை 1986இல் மூடப்பட்டது. போர்க்காலத்தில் பாண் வந்த வழியும், இன்று குழாயில் வரும் நீரும் ஒரே ஏரியினுடையவை. அதை அழுக்காக்காமல் பார்த்துக்கொள்வது அந்நகரத்தாருக்கு நன்றிக்கடனும்கூட.