அலுமினியச் சைக்கிள்

நாற்பத்தாறு வயது உபாத்தியாயர் பந்தயச் சைக்கிள் வாங்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் மலைப்பாதையில் என் பழைய அலுமினிய வண்டியின் சட்டம் முறிந்த கதை ஊருக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியும். நான் விழுந்த இடத்திற்கு அப்பால் பள்ளம். பற்றவைத்த மூட்டருகே மயிரிழைபோல் ஒரு கீறல் முன்பே இருந்தது. அழுக்கென்று எண்ணித் துடைத்துக்கொண்டே இருந்தேன்!

எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். ஆனால் எஃகு, ஓர் அளவுக்கு உட்பட்ட அதிர்ச்சியை எத்தனை தடவையானாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியமோ சிறு குலுக்கலையும் மறப்பதில்லை; கணக்கில் ஏற்றிக்கொண்டே போகும்.

ஆகையால் கடைக்காரர் இரண்டே விரலால் தூக்கிக் காட்டிய சட்டத்தை வேண்டாமென்றேன். மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6061 என்னும் கலவையில், பற்றவைத்தபின் உலையிலிட்டுப் பதப்படுத்திய, சற்றுக் கனத்த சட்டமாகத் தேர்ந்தெடுத்தேன். 32 மில்லிமீட்டர் டயர் புக இடமுண்டா என்றும் பார்த்தேன். பருத்த டயர் குலுக்கலில் பாதியைத் தானே விழுங்கிவிடுமல்லவா? எடை அரைக் கிலோ அதிகந்தான். என் தொந்தியைக் குறித்து அப்போது என் சகதர்மிணி சொன்னது இங்கே அநாவசியம்.

ஞாயிறுதோறும் வண்டியைத் துடைப்பது இப்போது அவள்தான். மூட்டுக்களருகே வரும்போது மட்டும் என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.