வயநாட்டுக்குச் சுற்றுலா போகும் தோழர்களுக்கு

வயநாடு என்றால் எடக்கல் குகையின் கீறல் ஓவியங்கள், செம்பரா மலை, முத்தங்கா காட்டு யானைகள். நாங்களும் போய்ப் பார்த்தோம்; அழகுதான்.

ஆனால் மாவட்ட வாசலான லக்கிடியிலேயே சங்கிலி கட்டிய ஒரு மரம் நிற்கிறது. தாமரச்சேரி மலையேறும் வழியை வெள்ளைக்காரப் பொறியாளருக்குக் காட்டியவர் கரிந்தண்டன் என்ற பணியர். பெருமை தனக்கே வேண்டுமென்று அவரைக் கொன்றான் அந்த வெள்ளைக்காரன். அவருடைய ஆவியைக் கட்டிய சங்கிலி அது என்று மக்கள் கதை சொல்கிறார்கள்.

கதை இருக்கட்டும். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் பணியரையும் அடியரையும் ஆண்டுக் கொத்தடிமைகளாக நிலவுடைமையாளர்கள் பேசி எடுத்தது வரலாறு. 20ஆம் நூற்றாண்டிலும் அது நடந்தது.

2001இல் திருவனந்தபுரத்தில் ஆதிவாசிகள் குடில் கட்டி 48 நாள் போராடிய பிறகு, நிலம் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. சொன்னபடி தரவில்லை. சி.கே. ஜானு, கீதானந்தன் தலைமையில் முத்தங்கா காட்டுக்குள் குடில் போட்டார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று போலீஸ் சுட்டது. ஜோகி என்ற ஆதிவாசி இறந்தார். மோதலில் ஒரு காவலரும் இறந்தார்.

அதே காட்டில் எங்களை ஜீப்பில் கூட்டிப்போனவர் மான்களையும் யானைகளையும் காட்டினார். ஜோகியைப் பற்றி நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.

நீங்களும் போங்கள், தோழர்களே. கேளுங்கள்.